மீறத்தகாத புனிதம்: சொல்லைத் தேர்ந்து எழுதும் முறை

சாக்ரோசாங்க்ட் என்று ஆங்கிலத்திலும் சாக்ரோ-சேன் என்று பிரெஞ்சிலும் வழங்கும், எவரும் மீறக்கூடாத அளவு புனிதமானதைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் எழுத நேரும்போது, நம்மில் பெரும்பாலோர் ‘புனிதமான’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். புதுச்சேரியில் எழுத்துப் பணியும் மொழிபெயர்ப்பும் செய்வோருக்கு இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம், திருச்சபை ஆவணம், கோயில் அறக்கட்டளை ஏடு, தூதரக அறிவிப்பு ஆகிய நான்கும் ஒரே மேசைக்கு வந்து சேரும் ஊர் இது. நான்கிலும் அந்தச் சொல்லோ அதன் உறவுச் சொல்லோ இடம்பெறும். ஆனால் நான்கிலும் ஒரே பொருளில் இடம்பெறாது. அதை எவ்வாறு பிரித்தறிந்து தமிழில் எழுதுவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரை.

‘புனிதம்’ என்பது தவறான சொல்லன்று. இங்கே அது பாதிப் பொருளை மட்டும் தருகிறது. ஒன்று தூயது, வணங்கத்தக்கது என்று அது சொல்லும். அதன்மேல் கைவைத்தால் என்ன நேரும், யார் வந்து கேட்பார் என்று அது சொல்லாது. மூலச்சொல்லோ இந்த இரண்டாவது பாதியைத்தான் முதன்மையாகக் கொண்டது. கடலூரை ஒட்டி ஓடும் கெடிலத்தை அப்பர் பாடியிருக்கிறார். அதைப் புனித ஆறு என்று எழுதுவதில் பிழையில்லை. ஆனால் கழிவுநீரை அதில் விடுகிறவரை அந்தப் புனிதம் தடுத்து நிறுத்திவிடவில்லை. ஆகவே ‘கெடிலம் புனிதமானது’ என்ற வாக்கியம் மெய். ‘கெடிலம் மீறத்தகாத புனிதம் உடையது’ என்ற வாக்கியம் இன்றைய நிலையில் விருப்பம் மட்டுமே. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை உணர்ந்தவருக்குச் சரியான சொல் தானே வந்து அமையும்.

சொல் பிறந்த இடம்

உரோம மரபுவழிச் செய்தியின்படி கி.மு. 494இல், கடன்சுமையாலும் மேற்குடியினரின் அதிகாரத்தாலும் நொந்த பொதுமக்கள் நகரைவிட்டு வெளியேறி, பின்னாளில் புனித மலை என்று பெயர்பெற்ற குன்றில் தங்கினர். அவர்களை அமைதிப்படுத்தித் திரும்ப அழைத்ததன் விளைவாகத் திரிபூன் என்னும் மக்கள் காவலர் பதவி உருவாயிற்று. அந்தக் காவலரிடம் படையும் இல்லை, பெரிய அதிகாரச் சின்னங்களும் இல்லை. அவருக்கு ஊறு செய்பவன் எவனாயினும் அவன் தெய்வங்களுக்கு ஒப்படைக்கப்பட்டவன், அவனைக் கொல்வது குற்றமாகாது என்று மக்கள் கூடிச் செய்துகொண்ட ஆணைமொழி ஒன்றுதான் அவருக்குக் காவல். அந்தக் காவலுக்கு உட்பட்டவரைக் குறித்த சொல்லே சாக்ரோசாங்க்துஸ். ‘புனிதச் சடங்கினால் உறுதி செய்யப்பட்டவர்’ என்பது அதன் நேர்ப்பொருள்.

இந்த வரலாற்றிலிருந்து எழுதுவோர் கைக்கொள்ள வேண்டியவை உண்டு. புனிதம் இங்கே பொருளின் இயல்பாக இல்லாமல், ஒரு கூட்டத்தார் செய்த உறுதிமொழியின் பயனாக இருக்கிறது. அந்த உறுதிமொழி தளர்ந்தால் காவலும் தளரும், கி.மு. 133இல் திரிபூன் பதவியில் இருந்தபோதே திபேரியுஸ் கிராக்குஸ் அடித்துக் கொல்லப்பட்டார். கி.மு. 36இல் அந்தப் பதவியை வகிக்காத ஒக்தாவியனுக்கு, பிற்காலத்தில் அகஸ்துஸ் எனப் பெயர்பெற்றவருக்கு, அதே காவல் தனியே வழங்கப்பட்டது. ஆகவே இச்சொல்லை ஒரு வாக்கியத்தில் காணும்போது, எது புனிதம் என்று கேட்பதோடு நில்லாமல், யார் உறுதி கொடுத்தார், மீறினவனுக்கு என்ன கதி என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் வினையைத் தேடுங்கள்

தமிழில் இதற்கு ஒரே ஒரு சொல்லைத் தேடுவது வீண் முயற்சி என்பது என் உறுதியான கருத்து. ‘மீறத்தகாத’ என்ற தொடரை இப்போது பலரும் எல்லா இடத்துக்கும் வைக்கிறார்கள். ஆனால் ‘மீறு’ என்ற வினை தமிழில் எதை எதை ஏற்கும் என்று எண்ணிப் பாருங்கள். சட்டத்தை மீறலாம், ஆணையை, எல்லையை, வாக்கை, வரம்பை மீறலாம். ஓர் ஆளை மீற முடியாது; வீட்டையோ உடம்பையோ இரகசியத்தையோ மீற முடியாது. ‘தூதர் மீறத்தகாதவர்’ என்று எழுதினால், தூதர் சொல்லைத் தட்டக்கூடாது என்று பொருள்படும். அவரைக் கைது செய்யக்கூடாது என்ற பொருள் வராது. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே பெயரடையால் எல்லாவற்றையும் மூடிவிடும். தமிழ் அந்தந்தப் பொருளுக்கு உரிய வினையைக் கேட்கும்.

எனவே செய்ய வேண்டியது இது: குறிப்பிட்ட பொருளுக்குத் தீங்கு எந்த வழியில் வரும் என்று கண்டு, அந்த வினையை எடுத்து, அதனோடு ‘தகாத’ என்பதைச் சேர்க்க வேண்டும். ஆளைப் பற்றியதாயின் ‘ஊறு செய்யத்தகாத’ அல்லது ‘கைது செய்யத்தகாத’, இடத்தைப் பற்றியதாயின் ‘இசைவின்றிப் புகத்தகாத’, சொத்தாயின் ‘பறிக்கத்தகாத’, இரகசியமாயின் ‘வெளியிடத்தகாத’, உறுதிமொழியாயின் ‘பிறழத்தகாத’, கோயில் காட்டு மரமாயின் ‘வெட்டத்தகாத’. சட்டம், உரிமை, எல்லை, மரபு ஆகியவற்றுக்கு மட்டும் ‘மீறத்தகாத’ பொருந்தும். பெயர்ச்சொல் வேண்டுமாயின் ‘மீறத்தகாமை’, ‘பறிக்கத்தகாமை’ என்று ஆக்கிக்கொள்ளலாம். புணர்ச்சியில் வல்லினம் மிகுவதை விட்டுவிடக் கூடாது; ‘மீற தகாத’ என்று பிரித்து எழுதுவது பிழை.

தகாத, முடியாத, கூடாத, ஒண்ணாத ஆகிய நான்கும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘மீற முடியாத’ என்பது ஆற்றலைப் பற்றியது; மீறுவதற்கு வழியே இல்லை என்று பொருள்படும். ஆனால் மீற வழி இருக்கும் பொருளுக்குத்தான் காவல் தேவைப்படுகிறது. யாராலும் எட்ட முடியாத ஒன்றுக்கு ஆணைமொழி எதற்கு? ஆதலால் ‘முடியாத’ இங்கே பொருந்தாது. ‘மீறக்கூடாத’ என்பது நேரடித் தடை; அறிவிப்புப் பலகைக்கும் அன்றாட உரைநடைக்கும் நன்று. ‘மீறத்தகாத’ என்பது முறைமையைச் சுட்டுவது. சட்டத்துக்கும் கட்டுரைக்கும் உரியது. ‘மீறவொண்ணாத’ என்பது இயலாமையையும் பொருந்தாமையையும் சேர்த்துக் காட்டும் பழைய வடிவம். மூலச்சொல்லில் புனித உணர்வும் தடையும் பிரியாமல் கலந்திருக்கும் இடங்களில், குறிப்பாகச் சமயப் பொருள் கொண்ட இடங்களில், இதைப்போல நிறைவு தரும் சொல் வேறில்லை என்று கருதுகிறேன். ஆனால் அதை ஒரு கட்டுரைக்கு ஒருமுறை எழுதினால் போதும். பக்கத்துக்கு நான்கு முறை எழுதினால் அதன் கனம் போய்விடும்.

காவல் யாருடையது என்று எழுதுங்கள்

இப்பொருளைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை என்று வருந்துவோர், நம் ஊர்க் கோயில் சுவர்களைப் பார்க்க வேண்டும். திருவதிகையிலும் வில்லியனூரிலும் திருபுவனையிலும் பாகூரிலும் கல்வெட்டுகள் உள்ளன. தமிழ்நாட்டு அறக்கொடைக் கல்வெட்டுகளின் முடிவில் வழக்கமாக வரும் தொடர்களைக் கவனித்தால், நம் முன்னோர் இந்தக் கருத்தை எவ்வளவு நுட்பமாகப் பகுத்து எழுதினார்கள் என்பது விளங்கும். கொடை எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குச் ‘சந்திராதித்தவல்’; சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை என்று பொருள். விளக்குக்கு விடப்பட்ட ஆடுகள் குறையக்கூடாது என்பதற்குச் ‘சாவா மூவாப் பேராடு’. செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகப் புதிய ஆடுகளைச் சேர்த்துத் தொகையைக் காக்க வேண்டும் என்ற கடமை அந்தத் தொடருக்குள் இருக்கிறது. காவல் யாருடையது என்பதற்குப் ‘பன்மாகேசுவர இரட்சை’. சிவனடியார் கூட்டம் முழுவதும் காவல். வைணவக் கோயிலாயின் ‘ஸ்ரீவைஷ்ணவ இரட்சை’. காத்தவனுக்கு மதிப்பு: ‘இத்தன்மம் இரட்சித்தான் ஸ்ரீபாதம் என் தலைமேலின’. மீறினவனுக்கு, கங்கைக்கும் குமரிக்கும் இடையே வாழ்ந்தோர் செய்த பாவமெல்லாம் வந்து சேரும் என்ற சாபம்.

காலம், கடமை, காவலர், மதிப்பு, சாபம் என்று இத்தனையும் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். ‘இக்கொடை புனிதமானது’ என்று எழுதி முடித்துவிடவில்லை. நிலக்கொடையில் எல்லை குறிப்பதற்குப் ‘பிடி சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டி’ என்று எழுதினார்கள். பெண்யானையை நடத்தி எல்லையை வலம்வரச் செய்து, கல் நட்டு, கள்ளி நட்டு அடையாளப்படுத்தினார்கள். எல்லை எது என்று தெரிந்தால்தான் மீறல் எது என்பது தெரியும். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக்கியதைச் சொல்கிறது. புதுச்சேரிக்காரர்கள் இந்தச் சொல்லைப் பற்றிப் பேசும்போது உரோமுக்குப் போவதற்கு முன் பாகூருக்குப் போவது தகும்.

இதிலிருந்து எழுத்துக்குக் கிடைக்கும் வழி எளியது. மூலத்தில் அந்த ஒற்றைச் சொல் இருக்கும் இடத்தில், தமிழில் ஒரு துணை வாக்கியம் எழுதத் தயங்க வேண்டாம். ‘இந்நிதி புனிதமானது’ என்பதைவிட, ‘இந்நிதியை வேறு செலவுக்கு எடுக்கத்தகாது, அறங்காவலர் குழு இதற்குப் பொறுப்பு’ என்பது தமிழ்நடைக்கும் பொருளுக்கும் நெருங்கியது. மூலத்தில் காவலர் யாரென்று இல்லாவிட்டால், நாமாக ஒருவரைச் சேர்க்கக்கூடாது. அப்போது ‘எடுக்கத்தகாத நிதி’ என்ற அளவோடு நிறுத்த வேண்டும்.

மக்கள் வழக்கிலும் இதே அமைப்புதான் இருக்கிறது. ‘சிவன் சொத்து குல நாசம்’ என்ற பழமொழியில் உரியவர் இருக்கிறார், பொருள் இருக்கிறது, மீறலின் விளைவு இருக்கிறது. புனிதம் என்ற சொல் மட்டும் இல்லை, அது தேவைப்படவும் இல்லை. கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ‘சாமி குத்தம் ஆயிடும்’ என்ற ஒரு தொடர் முழுக் காவலையும் சொல்லிவிடுகிறது. மாரியம்மன் திருவிழாவுக்குக் ‘காப்புக் கட்டியாச்சு’ என்றால், விழா முடியும்வரை ஊரைவிட்டு வெளியே தங்கக்கூடாது என்ற கட்டுப்பாடு தொடங்கிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ‘காப்பு’ என்ற சொல்லில் கையில் கட்டும் மஞ்சள் கயிறும், தெய்வத்தின் பாதுகாப்பும், மக்கள் ஏற்றுக்கொண்ட கட்டும் ஒருசேர அடங்கியிருக்கின்றன. அதனால்தான், சமயப் பொருளில் ஒரு பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும் என்று கேட்போருக்குப் ‘புனிதக் காப்பு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘திரிபூன் பதவிக்குப் புனிதக் காப்பு இருந்தது’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு விளக்கக் குறிப்பு இல்லாமலே பொருள் பிடிபடும்.

கோயில் காடுகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அருகில், கீழ்ப்புத்துப்பட்டில் உள்ள மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு, கடற்கரைப் பகுதியில் அரிதாகிவிட்ட உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம். கோயில் காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட வீட்டு அடுப்புக்கு எடுத்துப்போகக் கூடாது என்பது மரபு. இத்தகைய காட்டைப் பற்றி எழுதும்போது ‘புனிதக் காடு’ என்பதோடு நிறுத்துவது எனக்கு ஏற்புடையதன்று. ஐயனார் காவலில் உள்ள காடு, மரம் வெட்டத்தகாத காடு என்று எழுதினால், அது ஏன் இன்றும் நிற்கிறது என்பதும் சேர்ந்து விளங்கும்.

காவல் இல்லாத புனிதம் எப்படி ஆகும் என்பதற்குப் புதுச்சேரியின் வரலாற்றிலேயே வருத்தமான சான்று உண்டு. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த நாள்களில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினர்; தேவாலயங்களும் அதற்குத் தப்பவில்லை. இந்நிகழ்வுகளை எழுதும்போது, ‘மீறவொண்ணாத புனிதம் மீறப்பட்டது’ என்று எழுதுவது முரணாகத் தோன்றலாம். முரணில்லை, ஒண்ணாததைச் செய்தார்கள் என்பதே அங்கே குற்றச்சாட்டு. ஆனால் ‘மீற முடியாத புனிதம் மீறப்பட்டது’ என்று எழுதினால் வாக்கியம் தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும்.

சட்ட ஆவணங்களில்

1789ஆம் ஆண்டின் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தின் 17ஆம் பிரிவு, சொத்துரிமையை ‘இன்வியோலாப்ளு ஏ சாக்ரே’ என்கிறது. மீறத்தகாதது, புனிதமானது என்ற இரண்டும் அங்கே தனித்தனிச் சொற்களாக நிற்கின்றன. தமிழிலும் ‘மீறத்தகாததும் புனிதமானதுமான உரிமை’ என்று இரண்டாகவே எழுத வேண்டும். அதே பிரிவு உடனே விலக்கையும் சொல்கிறது: பொதுத்தேவை சட்டப்படி உறுதிசெய்யப்பட்டு, நியாயமான இழப்பீடு முன்னதாகக் கொடுக்கப்பட்டால் சொத்தை எடுக்கலாம். புனிதம் என்று அறிவித்த வாக்கியத்திலேயே விலக்கு வருகிறதே என்று திகைக்க வேண்டாம். சட்டத்தில் மீறத்தகாமை என்பது, சொல்லப்பட்ட வழியில் அல்லாமல் தொடக்கூடாது என்பதுதான். ‘முடியாத’ என்ற சொல் இங்கே எவ்வளவு பெரிய பிழையாகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. நம் அரசமைப்பிலோ சொத்துரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 300அ பிரிவில் சட்ட உரிமையாக நிற்கிறது. ஆகவே இந்தியச் சட்டத்தைப் பற்றிய கட்டுரையில் சொத்துக்குப் ‘புனித உரிமை’ என்ற அடைமொழி பொருந்தாது.

அதே பிரகடனத்தின் முன்னுரையில் உரிமைகளை இயல்பானவை, இனாலியேனாப்ளு, புனிதமானவை என்று வரிசைப்படுத்துகிறார்கள். நடுவிலுள்ள சொல்லையும் ‘மீறத்தகாத’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு, அது சரியன்று. அந்தச் சொல் ‘கைமாற்றத்தகாத’, ‘துறக்கத்தகாத’ என்ற பொருளது. பிறர் பறிக்கத்தகாதது ஒன்று. தானே விட்டுக்கொடுக்கத்தகாதது மற்றொன்று. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1819இல் பிரெஞ்சு ஆட்சி, இந்தியர்களை அவரவர் சாதியின் சட்டம், வழக்கம், மரபு ஆகியவற்றின்படியே நீதிமன்றம் நடத்தும் என்று அறிவித்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையோ, விரும்பியவர் அந்தத் தனிநிலையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு வரலாம் என்றது. அவ்வாறு துறந்தவர்களை ரெனோன்சான் என்று இன்றும் அழைக்கிறோம். அவர்களுடைய பழைய தனிநிலை, ஆட்சியாளர் பறிக்கத்தகாததாகவும், அவர்களே துறக்கத்தக்கதாகவும் இருந்தது. ஒரே தமிழ்ச்சொல்லால் இரண்டையும் பெயர்த்தால் இந்த வரலாறே குழம்பிவிடும்.

தூதரக ஆவணங்களில் புனிதம் என்ற சொல்லுக்கே இடமில்லை. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, தூதரக வளாகத்துக்குள் தூதரின் இசைவின்றி நாட்டு அதிகாரிகள் புகக்கூடாது என்கிறது. புதுச்சேரியில் இருப்பது பிரெஞ்சுத் துணைத்தூதரகம். அதற்குப் பொருந்துவது 1963ஆம் ஆண்டின் உடன்படிக்கை. அதன் 31ஆம் பிரிவில் காவல் சற்றுச் சுருங்குகிறது: பணிக்கென்றே பயன்படும் பகுதிக்கு மட்டும் அது உண்டு, தீவிபத்து போன்று உடனடிப் பாதுகாப்பு வேண்டும் நேர்வில் தலைவரின் இசைவு கிடைத்ததாகவே கொள்ளலாம். ஆகவே ‘தூதரகம் மீறத்தகாதது’ என்ற ஒரே வாக்கியத்தை இரண்டுக்கும் எழுதுவது சட்டப் பிழையாகும். புதுச்சேரியில் உள்ளதைப் பற்றியாயின் ‘துணைத்தூதரகத்தின் பணிப்பகுதிக்குள் தலைவரின் இசைவின்றிப் புகத்தகாது’ என்று எழுதி, விலக்கையும் சேர்த்து எழுத வேண்டும்.

அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பற்றி எழுதும்போது ‘மாற்றத்தகாத’ என்பதே பொருந்தும். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்தின் எல்லையை.

அந்தந்தச் சமயத்தாரின் சொல்

சமயப் பொருளில் எழுதும்போது, அந்தச் சமயத்தார் தமக்குள் வழங்கும் சொல்லே முதல் உரிமை பெறும். கத்தோலிக்கர்களிடையே ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியம், பழைய வழக்கில் பாவசங்கீர்த்தன இரகசியம், இதற்கு மிகத் தெளிந்த சான்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983ஆம் பிரிவு அதை மீறத்தகாதது என்கிறது. அறிக்கையிட்டவரைச் சொல்லாலோ வேறு எந்த வகையாலோ, எக்காரணம் கொண்டும் குரு காட்டிக்கொடுக்கக் கூடாது. நேரடியாக அதை வெளியிடும் குரு, தீர்ப்பு ஏதும் தேவையின்றித் தாமாகவே சபைவிலக்குக்கு உள்ளாகிறார். இங்கே புனிதமும் உண்டு, தடையும் உண்டு, தண்டனையும் உண்டு. சாக்ரோசாங்க்ட் என்ற சொல்லின் முழுப்பொருளும் ஒருங்கே நிறையும் இடங்களில் இது ஒன்று. ‘எந்நிலையிலும் வெளியிடவொண்ணாத இரகசியம்’ என்று எழுதுவது தகும்.

பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களின் முஸ்லிம்களிடையே வழங்கும் அரபுச் சொற்களில், தடையும் புனிதமும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. விலக்கப்பட்டது ‘ஹராம்’, மக்காவின் காக்கப்பட்ட எல்லை ‘ஹரம்’. அந்த எல்லைக்குள் வேட்டையாடக் கூடாது, தானாக முளைத்த செடிகொடிகளை வெட்டக்கூடாது. போர் விலக்கப்பட்ட நான்கு மாதங்களுள் ஒன்றான முஹர்ரமின் பெயரும் அதே வேரினது. ‘ஹரம்’ என்பதை ‘ஹராம்’ என்று தட்டெழுதிவிட்டால் பொருள் தலைகீழாகும். ஒரு நெடில் குறியை இருமுறை சரிபார்ப்பது மரியாதைக்குரிய கடமை. ‘புனித எல்லை’ என்று மட்டும் எழுதாமல் ‘ஹரம் என்னும் காப்பு எல்லை’ என்று எழுதினால் அவர்களுக்கும் ஏற்புடையதாயிருக்கும், பிறருக்கும் விளங்கும்.

வடலூரைப் பற்றி எழுதும்போது இன்னொரு நெறியையும் கைக்கொள்ள வேண்டும்: இது யாருடைய நம்பிக்கை என்பதை வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு அணையாமல் எரிந்துவருகிறது. அதை அணையவிடத்தகாது என்பது சன்மார்க்க அன்பர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கடமை. அதை எழுதுவதில் கருத்துவேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் 1872இல் வழிபாடு தொடங்கிய சத்திய ஞானசபையைச் சூழ்ந்த பெருவெளியில், பன்னாட்டு மையம் கட்டும் அரசின் திட்டத்தையொட்டி 2024இல் எதிர்ப்பு எழுந்தது. ‘பெருவெளி மீறத்தகாத புனிதம்’ என்று செய்தியாளர் தம் கூற்றாக எழுதினால், அவர் வழக்கில் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார் என்று பொருள். ‘பெருவெளி எதுவும் கட்டத்தகாத திறந்த வெளி என்பது சன்மார்க்க அன்பர்களின் நிலைப்பாடு’ என்று எழுதினால், நம்பிக்கைக்குரிய மதிப்பும் குறையாது, செய்தியின் நடுநிலையும் கெடாது. இந்தச் சொல் வழக்குமன்றத்திலும் தெருவிலும் ஒரு கோரிக்கையாகவே எழுப்பப்படுகிறது. கோருபவரின் பெயர் இல்லாமல் அதை எழுதுவது முறையாகாது.

எழுதக்கூடாத சொற்கள்

‘தீண்டத்தகாத’ என்பதை இப்பொருளில் ஒருபோதும் எழுதக்கூடாது. சொல்லமைப்பு ஒன்றுபோல இருப்பதால், ‘தொடக்கூடாத அளவு புனிதமான’ என்பதைச் சுருக்க எண்ணி அதை எழுதுவோரைக் காண்கிறேன். மனிதரை மனிதர் ஒதுக்கிவைத்த கொடுமையின் பெயராக அந்தச் சொல் நிலைத்துவிட்டது. அந்தக் கொடுமையை ஒழித்தது நம் அரசமைப்பின் 17ஆம் பிரிவு. கோயிலுக்கும் நூலுக்கும் அதை அடைமொழியாக்குவது, அச்சொல்லால் துன்புற்றவர்களின் வலியை மறப்பதாகும். ‘தீட்டுப்படாத’ என்பதையும் இதே காரணத்தால் விலக்க வேண்டும்.

‘புனிதப் பசு’ என்ற தொடரைக் கேள்விக்கு அப்பாற்பட்ட கொள்கையைக் குறிக்க எழுதுகிறார்கள். அது பிறமொழி மரபுத்தொடரின் நிழல். தமிழ் வாசகருக்கு அது உண்மைப் பசுவையே நினைவூட்டும். ‘எவரும் கைவைக்கத் துணியாத கொள்கை’ என்பது போதும். அலுவலகக் குறிப்பில் ‘இக்காலக்கெடு புனிதமானதன்று’ என்று எழுதுவதும் அத்தகையதே. ‘தேவையானால் இக்காலக்கெடுவை நீட்டிக்கலாம்’ என்று எழுதலாம். ‘கல்மேல் எழுத்து’ என்னும் தொடர் நிலைபேற்றைக் குறிப்பது; காவலைக் குறிக்காது என்பதால், ஒப்பந்த விதிக்கு அதைப் பயன்படுத்துவதிலும் கவனம் வேண்டும்.

எழுதி முடித்த வாக்கியத்தைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ‘குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை உணவுநேரம் அவருக்குப் புனிதமானது’ என்று ஒரு மொழிபெயர்ப்பு வந்தால், அதில் வழிபாடு ஏதேனும் உண்டா என்று கேட்க வேண்டும். இல்லையெனில் ‘புனிதம்’ நீங்குகிறது. கெடுக்கும் வினை எது? வேறு வேலை குறுக்கிடுவது. காவலர் யார்? அவரே. அப்போது வாக்கியம் ‘ஞாயிறு மதியம் குடும்பத்தோடு உண்ணும் நேரத்தில் வேறெந்த வேலையும் குறுக்கிட அவர் விடமாட்டார்’ என்று மாறும். மூலத்தில் உள்ள ஒரு சொல்லுக்குத் தமிழில் ஆறேழு சொற்கள் ஆகின்றனவே என்று பதிப்பாசிரியர் கேட்டால், சந்திராதித்தவல் முதல் சாபம் வரை ஐந்து தொடர் எழுதிய கல்வெட்டைக் காட்டலாம்.